பிளாரன்ஸ் சொல்லாத வசனம்

துறைமுகச் சாலையில் இட்லிக் கடை வைத்திருக்கும் பிளாரன்ஸுக்கு உலகம் அழிவதில் ரொம்ப நாளாகவே ஒரு ருசி உண்டு. தப்பாக நினைத்துவிடாதீர்கள். நிஜ உலகம் அழிய வேண்டும் என்று அவள் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவள். வழியில் சிலுவை நட்ட குருசடியைக் கண்டால் நெற்றியில் சிலுவை போடாமல் நகராதவள். சினிமாவில் அழிய வேண்டும், அவ்வளவுதான். அதுவும் மத்தியானம் அழிந்தால் ரொம்ப வசதி. காலை இட்லி வியாபாரம் முடிந்து, ராத்திரி தோசைக்கு மாவு ஆட்டுவதற்கு முன்னால் அவளுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

கடைச் சுவரில் ஒரு டிவி. அதில் தமிழ் பேசும் வெளிநாட்டுப் படங்கள் ஓடும். லாரி டிரைவர்கள் காமெடி கேட்பார்கள், பாட்டுக் கேட்பார்கள். பிளாரன்ஸ் ரிமோட்டை இடுப்பில் சொருகிக்கொள்வாள்.

"உலகம் அழிஞ்ச படந்தான் இங்கன ஓடும். பிடிக்கலன்னா அங்கன பிரேமா கடையில போயி ஜூஸக் குடிச்சிக்கிட்டே பாட்டுப் பாருங்க. யாரு வேண்டாமுன்னா?"

பார்ப்பதோடு விட்டால்தான் பரவாயில்லையே! ஒவ்வொரு படத்தையும் மீனைச் செவுள் தூக்கிப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பாள். ஒரு படத்தில் காற்றை ரேஷனில் அளந்து கொடுத்தார்கள். இன்னொன்றில் கடல் வற்றிப்போய், கப்பல்களுக்குள் மனிதர்கள் குடியிருந்தார்கள். எந்தப் படமானாலும் அவள் முதலில் தேடுவது அடுப்பை. "ஊரே அழிஞ்சு போச்சுங்கான், சரி. அப்பம் இவன் காலையில என்னத்தத் தின்னான்? அதக் காட்டுதானா பாரு!" அடுத்தது கதாநாயகியின் தலைமுடி. "குடிக்கத் தண்ணி இல்லையாம். இவளுக்கு மட்டும் ஷாம்பு எங்கன இருந்து கிடைக்கி?"

இதெல்லாம் சில்லறைக் குறை. அவளுக்கு நிஜமாகவே ஆகாத விஷயங்கள் வேறு. இந்தப் படங்களில் கரண்டு போன மறுநாளே பக்கத்து வீட்டுக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரன் குத்திவிடுவான். பிளாரன்ஸுக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

"ஏளா பிரேமா, நம்ம தெருவுல வெள்ளம் வந்து கரண்டு போயி கெடந்தமே, யாராவது யாரையாவது குத்துனமா? மாடியில இருந்து கயித்துல வாளிய விட்டுப் பால் வாங்குனோம்."

"சண்டை போட்டம்லா யக்கா" என்பாள் பிரேமா. அடுத்த கடைக்காரி. பனங்காட்டு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வயதில் இளையவளானாலும் வாய் அதற்குத் தக்கபடி இல்லை.

"அது யாரு வாளிய மொதல்ல விடணும்னு போட்ட சண்டை. கத்திய எடுத்தமா? எடுக்கலல்லா?"

சாமி விஷயம் இதைவிட மோசம். உலகம் அழிகிற படத்தில் எவனும் முழங்கால் போட மாட்டான். தப்பித் தவறி ஒருத்தன் சாமி கும்பிட்டால், கடைசியில் அவன்தான் வில்லனாக இருப்பான். "அப்பம் நம்பிக்கை வச்சவன் எல்லாம் கிறுக்கன், இல்லன்னா திருடன். இவனுவளுக்கு வேற ஆளே கெடையாதா?" என்று திட்டிக்கொண்டே மறுநாள் மத்தியானமும் ரிமோட்டை எடுத்து அதே மாதிரிப் படத்தைத்தான் போடுவாள். ஏன் என்று கேட்டால், "இவனுவ என்னைக்காவது திருந்துதானுவளான்னு பாக்கணும்லா?" என்பாள்.

இத்தனை பேசுகிறவளுக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்தது. நடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டபோது அவளை மாட்டுக் கொட்டிலில் ஆடாக நிறுத்தினார்கள். ஆட்டுக்கு வசனம் கிடையாது. ஆனாலும் வானதூதர் பேசும்போதெல்லாம் இவள் போட்ட "மே"யில் வானதூதர் வாயை மூடிக்கொண்டார் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். அடுத்த வருஷம் அவளை எதிலும் சேர்க்கவில்லை. பிறகு கல்யாணம், தோணியில் வேலை பார்த்த புருஷன், ஒரு மகன். காய்ச்சலில் படுத்த புருஷன் எழுந்திருக்காமல் போனபிறகு இந்தக் கடை. ஆசை எங்கேயும் போகவில்லை, மாவு வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மகன் ஜாய்சனும் தோணிக்குத்தான் போனான். காய்கறியும் செங்கலும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகிற மரத்தோணி. ஜேசுபாதம் என்கிற அனுபவஸ்தர்தான் அதற்குத் தண்டல், அதாவது கேப்டன். நடுக்கடலில் போன் எடுக்காது. போனவன் வந்து சேருகிறவரை கடற்கரை வீடுகளில் சில சொற்களுக்கு விடுமுறை. "போறேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "வரமாட்டான்" என்ற சொல்லைப் பால்காரனைப் பற்றிக்கூடச் சொல்ல மாட்டார்கள். "அவரு வர நேரமாவும்" என்பார்கள். பால்காரர் ஊரைவிட்டே போயிருப்பார். இருந்தாலும் வர நேரமாகும், அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் ஒருநாள் கடைக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. உப்பளத்துக்கு அந்தாண்டைக் கடற்கரையில் துருப்பிடித்த கண்டெய்னர்களை அடுக்கி, எரிந்த படகு ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, சினிமாக்காரர்கள் செட் போட்டிருந்தார்கள். உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை! தமிழில்! பிளாரன்ஸின் கையிலிருந்த சாம்பார்க் கரண்டி வாளிக்குள் விழுந்துவிட்டது.

வேனிலிருந்து இறங்கிய டைரக்டரின் பெயர் செந்தில்முருகன். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, முகமும் அதற்குத் தோதாக. பிளாரன்ஸைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த மேக்கப் யாரு போட்டது?"

"எது? இதா? நிலக்கரி லாரி போட்டது" என்றாள் பிளாரன்ஸ், கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே.

"துடைக்காதீங்க!" என்று கத்தினார் டைரக்டர்.

அவ்வளவுதான், வேஷம் கிடைத்துவிட்டது. நிலமெல்லாம் விஷமாகிப்போன காலம். ஒரு கூட்டம் கடற்கரைக்கு வந்து, தங்களை மீட்கக் கப்பல் வரும் என்று காத்திருக்கிறது. கப்பல் வரவில்லை. ஒரு தாய் கடலைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொல்கிறாள். அதோடு நம்பிக்கை செத்து, கூட்டம் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்கிறது.

"என்ன வசனம் தம்பி?"

"அத ஷூட்டிங் அன்னைக்குத்தான் சொல்லுவேன். முன்னாடியே சொன்னா நீங்க ஒத்திகை பாத்து நடிச்சிருவீங்க. எனக்கு நடிப்பு வேண்டாம்."

நடிப்பு வேண்டாம் என்கிற டைரக்டரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். இருந்தால் என்ன? வசனம்! தெரு முழுக்கச் சொன்னாள். டிரைவர்களுக்கு இட்லியோடு சேர்த்துச் சொன்னாள். பங்குச் சாமியாரிடம் ஜெபிக்கச் சொன்னாள். மாலத்தீவிலிருந்து பேசிய மகனிடமும் சொன்னாள்.

"யம்மா, நீ பேசுனா மைக்கு தாங்குமா?" என்றான் ஜாய்சன்.

"தாங்காட்டி வேற வாங்குவாவ. நீ வந்து சேருல மொதல்ல. படம் பாக்கணும்லா."

"இந்தா, நாளைக்குக் கிளம்புதோம்."

அவன் கிளம்பிய பிறகு, தென்கிழக்கில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்னார்கள். ஷூட்டிங்குக்கு முந்தின நாள் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏறியது. ஒன்றாம் எண் என்றால் பயப்படத் தேவையில்லை, சும்மா ஒரு எச்சரிக்கை என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பிளாரன்ஸ் விளக்கம் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். குருசடிக்கு மெழுகுதிரி வாங்க இரண்டு தடவை கடையைப் பிரேமாவிடம் விட்டுவிட்டுப் போனாள்.

ஷூட்டிங் அன்று காலையில் வானம் ஈயச்சட்டி நிறத்தில் இருந்தது. டைரக்டருக்கு வாயெல்லாம் பல். "இந்த வானத்துக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்!" என்றார். பிளாரன்ஸுக்கு அந்த வானத்தை அண்ணாந்து பார்க்கவே பிடிக்கவில்லை.

கூட்டத்துக்கு உள்ளூர் ஆட்களைத்தான் பிடித்திருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், உப்பளத்துப் பெண்கள், மீன்பிடிக் குடும்பங்கள். எல்லாருக்கும் கிழிந்த சாக்கு. பட்டினியால் வாடுகிற ஜனங்கள். ஆனால் பிளாரன்ஸ் வேன் நிறைய இட்லி கொண்டுவந்திருந்தாளா, பட்டினிக் கூட்டம் ஏப்பம் விட்டுக்கொண்டு நின்றது. "கொஞ்சம் பசியோட பாருங்க!" என்று உதவி டைரக்டர் இந்துமதி மைக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். சென்னைப் பெண். நல்ல பெண்தான், அவளும் நாலு இட்லி சாப்பிட்டிருந்தாள்.

பிளாரன்ஸைக் கிழிந்த கம்பளியால் போர்த்தி, கடலுக்கு முகம் காட்டி நிறுத்தினார்கள். டைரக்டர் காதோரம் வந்து வசனத்தைச் சொன்னார்.

"'இனி யாரும் வரமாட்டாங்க.' அவ்வளவுதான்மா. மெதுவா. கடலப் பாத்து."

பிளாரன்ஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆக்‌ஷன் என்றார்கள். அவள் கடலைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். "இனி எல்லாரும் வந்துருவாவ" என்றாள், சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற லாரிக்குச் சொல்கிற சத்தத்தில்.

"கட்! அம்மா, வரமாட்டாங்க."

"அத வேற மாதிரிச் சொல்லக் கூடாதா தம்பி? 'வர நேரமாவும்'னு வச்சிக்கிடுவமே. நல்லாத்தான இருக்கு?"

"உலகம் அழிஞ்ச மாதிரி இல்லம்மா. பஸ் லேட்டான மாதிரி இருக்கு."

மறுபடி ஆக்‌ஷன். மறுபடி கட். ஒருதடவை "இனி யாரும்" வரை வந்தாள். அதற்கு மேல் பல் கிட்டித்துக்கொண்டது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது நிஜமில்லம்மா, சினிமா! சினிமாவுல செத்தவங்க நிஜமாவா செத்துடறாங்க?"

"எம்மவன் கடல்ல கெடக்கான் தம்பி. கூண்டு ஏத்திருக்காவ. இந்தக் கடலப் பாத்து, பெத்தவ நான், வரமாட்டான்னு எப்பிடிச் சொல்லுவேன்? கடலுக்குத் தெரியுமா இது சினிமான்னு?"

இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. கூட்டத்தில் ஏப்பச் சத்தம் நின்றது.

டைரக்டர் கல் மனசுக்காரர் இல்லை. ஆனால் மேகம் கலைவதற்குள் ஷாட் எடுத்தாக வேண்டும். "சரி, வேற ஆளு" என்றார். பிளாரன்ஸ் தோளிலிருந்த கம்பளியை எடுத்து, கூட்டத்தில் சாக்குக் கட்டி நின்ற பிரேமாவின் தோளில் போட்டார்கள். ஆட்டு வேஷம் போட்டு இத்தனை வருஷம் கழித்து ஒரு வசனம் வாய் வரைக்கும் வந்து நழுவிப்போனது. பிளாரன்ஸ் சாக்குக் கும்பலுக்குள் போய் நின்றுகொண்டாள். அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதாள்.

பிரேமாவுக்கு முகத்தில் கரி பூசினார்கள். அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன். கடலைப் பார்த்தாள். ஆக்‌ஷன் என்றார்கள். வாயைத் திறந்தாள். திரும்பிப் பிளாரன்ஸைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"தொண்டை கட்டிட்டு சார்."

"இப்பதானே பேசுனீங்க?"

"இப்பந்தான் கட்டிச்சு." பிரேமா கம்பளியை உதறினாள். "அந்தப் பயலுக்கு நா எத்தனை நாளு சோறு ஊட்டிருக்கேன் தெரியுமா? எங்கடை வாசல்லதான் நடை பழகுனான். என்னையப் போயிச் சொல்லச் சொல்லுதிய! போங்க சார்."

டைரக்டர் மைக்கை வாங்கினார். "இந்த வசனத்தை யாரு சொல்றீங்க? யாரு சொன்னாலும் க்ளோசப் உண்டு!"

க்ளோசப்புக்கு ஆசைப்படாதவர் உண்டா? ஆனால் ஒரு கையும் உயரவில்லை. மூட்டைக்காரர் ஒருவர் வானத்தைப் பார்த்தார். உப்பளத்துப் பெண்கள் மணலைப் பார்த்தார்கள். வெட்டிக்கொண்டு சாக வேண்டிய கூட்டம், ஒரு வசனத்துக்காக வாயைப் பூட்டிக்கொண்டு ஒற்றுமையாக நின்றது. டைரக்டருக்கு வந்ததே கோபம்!

"என்னவே வெளையாடுதியளா? வானம் வெளுக்கு!"

கூட்டம் நிமிர்ந்தது. சென்னைக்காரர் என்று நினைத்த ஆள் வாயில் நம்ம ஊர்ப் பேச்சா?

"தம்பிக்கு எந்த ஊரு?" என்று பிளாரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"விளாத்திகுளம் பக்கம்" என்றார் டைரக்டர், மாட்டிக்கொண்ட முகத்தோடு.

"அப்பம் வானம் பாத்த பூமி. விதையப் போட்டுட்டு நிக்கையில, ஒங்க அய்யா வானத்தப் பாத்து, இனி மழை வராதுன்னு வாய்விட்டுச் சொல்லி நீங்க கேட்டிருக்கியளா?"

டைரக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், கழற்றினார். "எங்கய்யா சொல்லமாட்டாரு" என்றார் கடைசியில். "பயிரெல்லாம் கருகிக் கெடந்தப்பவும் மேகம் கருக்கல் கட்டுதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அதப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு இந்த நம்பிக்கைங்கிற வார்த்தை மேலயே ஒரு எரிச்சல்."

"எரிச்சல் ஒங்களுக்கு. அவருக்கு அதான கஞ்சி" என்றாள் பிளாரன்ஸ்.

இந்துமதி மெல்ல நடுவில் வந்தாள். "சார், காத்து இரைச்சல்ல எப்படியும் இந்த சவுண்டு ஆகாது. சென்னையில டப்பிங்தான் பண்ணணும். அம்மா வாய் அசைச்சாப் போதும். அதே நீளத்துக்கு அவங்க எதையாவது சொல்லட்டும். குரல் வேற ஆள் குடுக்கட்டும்."

"அந்தச் சொல்லு என் வாயில வராதுல்லா?" என்று பிளாரன்ஸ் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டாள்.

"வராது. ஆனா உங்க குரலும் படத்துல வராதும்மா."

கேட்டவுடன் அவளுக்குச் சுருக்கென்றது. ஆடாக நின்றபோது வசனம் இல்லை, குரலாவது இருந்தது. இப்போது வசனம் இருக்கிறது, குரல் இல்லை. ஊர் முழுக்க, லாரி லாரியாகச் சொல்லிவைத்திருக்கிறாள். பிரேமா உதறிப்போட்ட கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"குரல் போனாப் போவுது. எடுங்க."

ஆக்‌ஷன் என்றார்கள். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. பிளாரன்ஸ் ஏதோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. சொல்லி முடித்ததும் கண்ணீர் தாரையாக வடிந்தது. டைரக்டர் கட் சொல்ல மறந்து நின்றார்.

தாழ்வு வடக்கே விலகிப் போனது. கூண்டை இறக்கினார்கள். தோணி ரெண்டு நாள் தாமதமாக, ஒரு பக்கத்துப் பலகை பிளந்து, தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தது. ஜாய்சன் உப்புப் பூத்த முகத்தோடு கடைக்கு வந்து உட்கார்ந்தான். பிளாரன்ஸ் அவனைத் திட்டிக்கொண்டே இலையில் இட்லியை வைத்தாள், திட்டிக்கொண்டே சாம்பாரை ஊற்றினாள், சாம்பார் இலையைத் தாண்டி ஓடியதைக் கவனிக்கவே இல்லை. செட்டில் நடந்ததைப் பிரேமாதான் அவனுக்குச் சொன்னாள். அன்றைக்கு என்ன சொல்லி வாயசைத்தாள் என்பதைப் பிளாரன்ஸ் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, "என்னத்தையோ சொன்னேன். இட்லி ஆறுது, தின்னுங்க" என்றாள்.

படம் வெளியானபோது தெருவே தியேட்டருக்குப் போனது. பிளாரன்ஸ் பட்டுச்சேலை. ஒரு பக்கம் ஜாய்சன், மறுபக்கம் பிரேமா. படம் நெடுக ஒரே இருட்டு, இருமல், துரு. கதாநாயகன் எதற்கும் சிரிக்கவில்லை. "இவனும் என்னத்தத் தின்னான்னு காட்டல பாத்தியா?" என்று பிளாரன்ஸ் முணுமுணுத்தாள். ஆனால் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்த இடம் வந்தது. சாம்பல் கடல். திரை முழுக்கப் பிளாரன்ஸின் முகம், கரியும் சுருக்கமுமாக. விசில் அடிக்க வாயில் விரலை வைத்த தெருக்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் உதடு அசைந்தது. யாரோ சென்னைப் பெண்ணின் மெலிந்த குரல் சொன்னது: "இனி... யாரும்... வரமாட்டாங்க."

யக்கா குரல் எங்கே என்று பிரேமா கேட்க வாயெடுத்தாள். ஜாய்சன் நாற்காலி நுனிக்கு வந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் குரல் தேவைப்படவில்லை. தோணி கிளம்பும்போதெல்லாம் இஞ்சின் இரைச்சலில் அம்மா என்ன சொன்னாலும் காதில் விழாது. தோணித்துறையில் நின்று அவள் உதடு அசைப்பதைப் பார்த்துத்தான் அவன் ஒவ்வொரு தடவையும் கடலுக்குள் போனான். அதே அசைப்பு. பத்திரமா வாலே, மக்கா.

அவள் பெற்ற பிள்ளைதானே, துறைமுகத்துக்கே கேட்கிற சத்தத்தில் இருட்டுக்குள் கத்தினான்:

"யம்மா, வந்துட்டேம்லா! இங்கனதான இருக்கேன்!"

தியேட்டர் ஒரு நொடி திகைத்தது. அப்புறம் முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை சிரிப்பு வெடித்தது. தெருக்காரர்கள் விசில் அடித்தார்கள், பிரேமா கைதட்டினாள், யாரென்றே தெரியாத ஆட்கள் எழுந்து நின்று ஜாய்சனைத் தேடினார்கள். "சும்மா இருல, படம் ஓடுதுல்லா" என்று பிளாரன்ஸ் அவன் தொடையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். அடித்த கையை எடுக்காமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே அழுதாள். அதற்கப்புறம் திரையில் யார் யாரை வெட்டினார்கள் என்று அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது.